போதைப்பித்தருக்கு இலவச மருந்து, ஊசி: டாக்டரே ஆதரிக்கலாமா?

செம்பனைக்காரன் | 16 பிப்ரவரி 2025, மாலை 5.10

அம்மாவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. காலை ஏழு மணிக்கு நம்பர் எடுத்து பதினொன்றரைக்குத்தான் மருந்து கையில் கிடைத்தது. அடுத்த கவுண்டரில் நம் தோட்டத்துப் பையன்கள் நாலு பேர் ஹெராயினுக்கு மாற்றாகக் கொடுக்கும் மெதடோன் மருந்தை ஆளுக்கொரு கப் குடித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் மோட்டாரில் போய்விட்டார்கள். விசாரித்தால் வருஷக் கணக்காக இதே கதையாம். எல்லாம் இலவசம். ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா? இதையும், போதை ஏற்றுகிறவர்களுக்குச் சுத்தமான புது ஊசி கொடுப்பதையும் ஆதரித்துப் பேசும் டாக்டர் ஒருவர் இங்கேதான் எழுதுகிறார். குணப்படுத்துவது உங்கள் வேலையா, சப்ளை செய்வதா?

ஊர் டாக்டர் | 16 பிப்ரவரி, இரவு 10.40

அந்த டாக்டர் நான்தான்.

முதலில் அந்தக் கப்பைப் பற்றி. ஹெராயின் நாலு முதல் ஆறு மணி நேரத்தில் இறங்கிவிடும். இறங்கினால் கியான், போதை இல்லாத தவிப்பு. மூக்கு ஒழுகும், கொட்டாவி மேல் கொட்டாவி வரும், எலும்பைக் கடைவது போல வலிக்கும், வயிறு கழியும். அதனால் ஒரு நாளில் மூன்று நான்கு தடவை காசு தேட வேண்டும். அந்தக் காசு எங்கிருந்து வரும் என்று தோட்டத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்தவன் அறுத்துப் போட்ட செம்பனைக் குலை, செப்புக் கம்பி, அம்மாவின் கம்மல். மெதடோன் ஒரு நாளுக்கு மேல் உடம்பில் நிற்கும். அளவு சரியாக இருந்தால் கிறக்கமும் வராது, கியானும் வராது. ஆள் வேலைக்குப் போகலாம். ஒரு போதைக்குப் பதில் இன்னொன்று என்று நீங்கள் சொன்னது பாதி சரி. உடம்பு அதற்குப் பழகியிருக்கிறது, திடீரென்று நிறுத்தினால் அதற்கும் கியான் உண்டு. ஆனால் அவன் பொழுது முழுக்கக் காசுக்கு அலைய வேண்டியதில்லை. இதைத்தான் தீங்கு குறைப்பு என்கிறோம்.

ஐந்து நிமிடம் என்றீர்கள். அந்த ஐந்து நிமிடத்தைக் கிட்டே நின்று பார்த்திருக்கிறீர்களா? ஐ.சி., அதாவது அடையாள அட்டை, காட்ட வேண்டும். மருந்தாளர் அளந்து ஊற்றுவார், அவர் எதிரிலேயே குடிக்க வேண்டும். மேலே தண்ணீர். பிறகு பெயரைச் சொல், நேற்று வேலைக்குப் போனாயா என்று ஏதாவது பேசவைப்பார்கள், வாயில் அடக்கிக்கொண்டு போய் வெளியே துப்பி விற்றுவிடக் கூடாது என்று. பேரன் எடுத்த ஆள், தினமும் வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போகிறான்.

நடுவில் ஒருவன் சறுக்கினால் மருந்தை நிறுத்திவிடலாமா? உங்கள் அம்மா தீபாவளிக்கு இரண்டு அதிரசம் சாப்பிட்டுச் சர்க்கரை ஏறியதற்காக யாராவது அவர் மருந்தைப் பிடுங்கினார்களா?

கொஞ்சம் சூடாக எழுதுகிறேன். தைப்பூசம் முடிந்த வாரம் எனக்கு ஆகாத வாரம். சில வருஷங்களுக்கு முன் என்னிடம் மெதடோன் எடுத்துவந்த ஒருவன் யாரிடமும் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிட்டு விரதம் இருந்தான். பால்குடம் எடுத்து மூன்றாம் நாள் பழையபடி போட்டுக்கொண்டான். போய்விட்டான்.

17 பிப்ரவரி, காலை 7.25

விட்டுப்போன ஒன்று. நாலரை மணி நேரம் காத்திருந்த கோபம் நியாயமான கோபம். அதற்குக் காரணம் அந்த நாலு பையன்கள் இல்லை என்பதுதான் என் கட்சி.

18 பிப்ரவரி, இரவு 11.05

ஊசியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். நானே ஒருகாலத்தில் எதிர்த்தவன், அதனால் கொஞ்சம் நீளும்.

2003. கிளினிக் மூடும் நேரம். ரப்பர் பால் வெட்டும் ஒரு அம்மாவின் மகன் வந்து, "டாக்டர், ஒரே ஒரு இன்சுலின் ஊசி வேணும்" என்றான். உள்ளங்கையில் ஒரு வெள்ளி நோட்டு, வியர்வையில் நனைந்து சுருண்டிருந்தது. எதற்கென்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். விரட்டிவிட்டேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சாதம் போட்டுக்கொண்டே, "அப்ப இன்னைக்கு அவன் போடாம இருப்பானா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

அவன் போடாமல் இருக்கவில்லை. ஓடைக்கரையில் நாலு பேருக்கு ஒரே ஊசி. நுனி மழுங்கினால் தீப்பெட்டியின் உரசுகிற பக்கத்தில் தீட்டிக்கொள்வார்கள். இரண்டு வருஷம் கழித்து அவனுடைய இரத்தப் பரிசோதனைத் தாள் என் மேசைக்கு வந்தது. எச்.ஐ.வி.

அந்தக் காலத்தில் அது அவன் ஒருவன் கதை இல்லை. 2002இல் மட்டும் மலேசியாவில் புதிதாகப் பதிவான எச்.ஐ.வி. 6,978. அதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஊசி வழியாக வந்தது. 2005 அக்டோபரில் மெதடோன் முன்னோட்டமாகத் தொடங்கியது, 2006இல் ஊசி மாற்றும் திட்டம் பினாங்கு, கோலாலம்பூர், ஜோகூர் பாரு மூன்று இடங்களில் ஆரம்பித்தது. சுவா சொய் லெக் சுகாதார அமைச்சராக இருந்த நேரம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் தொற்றுநோய் நிபுணர் அடீபா கமாருல்ஸமான் போன்றவர்கள் மேடை மேடையாகப் பேசினார்கள், திட்டும் வாங்கினார்கள். நான் திட்டுகிற பக்கம். ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு எதிர்த்துக் கடிதம்கூட எழுதினேன். போடவில்லை. அந்த ஆசிரியர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

இப்போது புதிய எச்.ஐ.வி. தொற்றில் ஊசி வழியாக வருவது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. உடலுறவு வழியாக வருவதுதான் அதிகம். ஊசித் திட்டம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஹெராயின் பொடி போய் ஐஸ் என்கிற மெத்தம்ஃபெட்டமைன் வந்ததும் ஒரு காரணம், அது பெரும்பாலும் ஊசியில் ஏறுவதில்லை. ஆனால் நாங்கள் பயமுறுத்திய மாதிரி ஊசி கொடுத்ததால் ஊரெல்லாம் ஊசி போட்டுக்கொள்ள ஆரம்பிக்கவில்லை.

19 பிப்ரவரி, மதியம் 1.30

"எச்.ஐ.வி. குறைந்துவிட்டதே, இன்னும் எதற்கு ஊசி?" கல்லீரலுக்காக. ஹெப்படைட்டிஸ் சி கிருமி எச்.ஐ.வி.யைவிட முரடு. ஊசியில் மட்டுமில்லை, பொடி கலக்கும் கரண்டியிலும் பஞ்சிலும்கூட ஒட்டிக்கொண்டிருக்கும். இதற்கு இப்போது மாத்திரை இருக்கிறது. 2017இல் நம் அரசு சோஃபோஸ்புவிர் மருந்துக்குக் காப்புரிமையைத் தாண்டி அரசுப் பயன்பாட்டு உரிமம் போட்டது, அதனால்தான் அது சாதாரண ஆளுக்கும் கிடைத்தது. தோட்டத்தில் வேலைசெய்த முன்னாள் ஊசிக்காரர்களில் பாதிப் பேர் சோதனையே செய்துகொள்ளவில்லை என்பது என் அனுமானம். இது புள்ளிவிவரம் அல்ல, என் கிளினிக்கில் உட்கார்ந்து பார்த்தது.

20 பிப்ரவரி, இரவு 9.50

அதிரசத்தை வாபஸ் வாங்குகிறேன்.

ஒரு அம்மா தனியாக எழுதினார். அனுமதி வாங்கி, அடையாளம் எடுத்துவிட்டுப் போடுகிறேன். "டாக்டர், அதிரசம் சாப்பிடுகிற யாரும் பெண்டாட்டி தாலிக்கொடியை அடகுக்கடையில் வைப்பதில்லை. என்னுடையது முழுகிப்போய் ஒன்பது வருஷம். கழுத்தில் மஞ்சள் கயிறுதான். தீங்கு குறைப்பு என்கிறீர்களே, என் தீங்கை யார் குறைத்தார்கள்?"

சரியான அடி. இனிப்பு நீர் உவமை எங்களுக்கு லேசாக வாயில் வருகிறது, மேடையில் கைதட்டும் கிடைக்கிறது. ஆனால் அதில் இந்த வீட்டு நஷ்டம் காணாமல் போய்விடுகிறது. மருந்து எடுப்பவனுக்கு அட்டை இருக்கிறது, கவுண்டர் இருக்கிறது. இவருக்கு ஒன்றுமில்லை. இத்தனை வருஷத்தில் மெதடோன் எடுக்கும் ஒருவனின் மனைவியை உட்காரவைத்து, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று நான் கேட்டது எத்தனை தடவை என்று யோசித்தேன். ஒரு கை விரல் போதும்.

கடிதத்தின் கடைசி வரியையும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் அவருக்கு நியாயம் செய்ததாகாது: "இதைப் படித்துவிட்டு அவர் மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் அடுத்தது தோடு."

21 பிப்ரவரி, காலை 6.55

மலிவு விலையில் அதிரசம் கிடைக்குமா என்று கேட்டவருக்கு: இது அந்த இழை இல்லை. பாசார் மாலாமில், இரவுச் சந்தையில், மூன்றாவது கடை.

23 பிப்ரவரி, மாலை 4.20

"பழைய மாதிரி இரண்டு வருஷம் சிரேந்தியில் போட்டு டிரில் வாங்கினால் திருந்துவான்." சிரேந்தி என்றால் அரசாங்கத்தின் கட்டாய மறுவாழ்வு மையம். இதை நாலு பேர் எழுதிவிட்டார்கள்.

1983 சட்டத்தின் கீழ் வந்தவை அந்த மையங்கள். போதைப்பொருள்தான் நாட்டின் முதல் எதிரி என்று அரசாங்கம் முழங்கிய காலம். எங்கள் ஊரிலிருந்து போனவர்கள் உடம்பு தேறி, முடி வெட்டி, கட்டுமஸ்தாகத் திரும்பி வந்தார்கள். பெற்றவர்கள் கும்பிட்டார்கள். அப்புறம்?

கிள்ளான் பள்ளத்தாக்கில் செய்த ஓர் ஆய்வு 2017இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. கட்டாய மையத்திலிருந்து வெளியே வந்தவர்களில் பாதிப் பேர் 31 நாளுக்குள் பழையபடி போதைக்குத் திரும்பிவிட்டார்கள். தாங்களாகப் போய் மெதடோன் எடுத்த மையங்களிலிருந்து வந்தவர்களில் பாதிப் பேர் திரும்ப 352 நாள் ஆனது. முப்பத்தொரு நாள் என்றால் ஒரு சம்பளத்துக்கும் அடுத்த சம்பளத்துக்கும் நடுவில்.

அதே நாள், இரவு 8.00

மேலே எழுதியதற்கு ஒரு வக்கீல் நண்பர் கொக்கி போட்டார். தானாகப் போனவனுக்கு மனசு ஏற்கெனவே இருந்திருக்கும், பிடித்துக்கொண்டு போனவனுக்கு இருந்திருக்காது, இரண்டையும் எப்படி ஒப்பிடுவது என்று. ஒப்புக்கொள்கிறேன், அது சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு அல்ல. சீட்டுக் குலுக்கிச் செய்த ஆய்வு வேண்டுமென்றால் மூவாரில் நடந்தது இருக்கிறது, 2008இல் வெளிவந்தது. ஹெராயினை விட்ட 126 பேருக்கு பியூப்ரெநார்ஃபின், நால்ட்ரெக்ஸோன், வெறும் மாத்திரை என்று மூன்று விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பியூப்ரெநார்ஃபின்தான் தேறியது. இதுவும் மெதடோன் மாதிரி ஓப்பியாய்டு, அதாவது அபின் வகைதான், செம்பனைக்காரன் பாஷையில் இன்னொரு போதை.

அந்த மாத்திரையிலும் எனக்கு ஒரு கறை உண்டு. 2004 வாக்கில் என் கிளினிக்கில் அதை எழுதிக் கொடுத்தேன். நாக்குக்கு அடியில் வைக்க வேண்டியதைச் சிலர் கரைத்து ஊசியில் ஏற்றினார்கள். ஒருவனுக்குத் தொடையிடுக்கில் சீழ் வைத்து கால் போகும் நிலை. கொடுத்த கை என்னுடையது. பிறகு அந்தப் போதையை முறிக்கும் நலாக்ஸோன் கலந்த மாத்திரை வந்தது, அதை ஊசியில் ஏற்றினால் கியான்தான் வரும். ஆதரிக்கிறேன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்கிறேன் என்று அர்த்தமில்லை.

25 பிப்ரவரி, இரவு 10.15

பேச்சு கள்ளுக்கடைக்குப் போய்விட்டது, நானும் போகிறேன். "நம் பெரியவர்கள் மறியல் செய்து கள்ளுக்கடையை மூடினார்கள், மெதடோன் கவுண்டரா திறந்தார்கள்?" என்று ஒருவர். 1947இல் கெடாவில், பீடோங் பக்கம், தொண்டர் படை செய்தது அது. அடி வாங்கினார்கள், ஜெயிலுக்குப் போனார்கள். என் தாத்தா அந்தக் கதையைச் சொல்லும்போது முதுகு நிமிரும். அவர்கள் எதிர்த்தது வெறும் குடியை அல்ல. சம்பள நாளில் லயத்துக்குப் பக்கத்திலேயே கடையைத் திறந்துவைத்து, கொடுத்த கூலியைத் திரும்ப வாங்கிக்கொண்ட ஏற்பாட்டைத்தான் எதிர்த்தார்கள். சீனர்களுக்கு அபின், நமக்குக் கள். இரண்டிலும் வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு வருமானம்.

ஆனால் கள் போன இடத்தில் சம்சு என்கிற மலிவுச் சாராயம் வந்து உட்கார்ந்தது. கள்ளில் சாராயச் சத்து நூற்றுக்கு ஐந்து ஆறு இருக்கும், சம்சுவில் நாற்பதுக்குக் கிட்டே. சின்ன பாட்டில், சின்ன விலை. அதற்கும் கீழே கள்ளச் சரக்கு. 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்ததைக் குடித்துப் பலர் செத்தது ஞாபகம் இருக்கும்.

மெத்தனால் விஷத்துக்கு ஆஸ்பத்திரியில் ஒரு மாற்று என்ன தெரியுமா? நல்ல சாராயம். எத்தனால் கொடுத்தால் கல்லீரல் முதலில் அதைக் கவனிக்கும், மெத்தனால் விஷமாக மாறாமல் மூச்சிலும் சிறுநீரிலும் வெளியேற நேரம் கிடைக்கும். பயிற்சிக் காலத்தில், குடித்துவிட்டு வந்த ஒருவருக்கு மூக்குக் குழாய் வழியாக டாக்டர் விஸ்கி ஊற்றுவதைப் பார்த்து அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "வீட்லதான் ஊத்துறாருன்னா இங்கயுமா?"

1 மார்ச், மாலை 6.40

"அவன் சொல்வதையெல்லாம் நம்புகிறீர்களா டாக்டர்?" எல்லாவற்றையும் இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். ஒழுங்காக மருந்து எடுத்த ஒருவனுக்குக் காசநோய் வந்தது. அதற்கு மருந்து ஆரம்பித்த இரண்டாவது வாரம், மெதடோன் பத்தவில்லை, கியான் வருகிறது என்றான். எல்லாரும் சிரித்தார்கள். இன்னும் கேட்கிறான் பார், புத்தி போகாது என்றார்கள். நானும் பாதி நம்பினேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. காசநோய் மருந்தில் ரிஃபாம்பிசின் இருக்கிறது, அது மெதடோனை உடம்பிலிருந்து சீக்கிரம் விரட்டிவிடும். பாடப் புத்தகத்தில் உள்ள விஷயம். அவன் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை.

2 மார்ச், விடியற்காலை 3.15

முதல் நாள் எழுதியதில் ஒன்று பொய். தூக்கம் வரவில்லை.

"யாரிடமும் சொல்லாமல் மருந்தை நிறுத்தினான்" என்று எழுதினேன். என்னிடம் சொன்னான். கார்த்திகை முடிகிற சமயம், என் எதிரே இதே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டான். "டாக்டர், இந்தத் தடவை பால்குடம் எடுக்கப் போறேன். இது உள்ள இருக்கிறப்ப காப்புக் கட்டலாமா? சுத்தம் இல்லையே."

எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? என் கையில் ஒருவன் முழுசாக விடுபடப் போகிறான். மாதக்கணக்கில் இறக்க வேண்டிய அளவை மூன்று வாரத்தில் இறக்கினேன். தோளைத் தட்டி, "போய் வா தம்பி, முருகன் பார்த்துக்குவார்" என்றேன். தைப்பூசத்தன்று ஈப்போ குனோங் சீரோ முருகன் கோயிலில் அவனைப் பார்த்தேன். மஞ்சள் வேட்டி, முகத்தில் நல்ல தெளிவு. இரண்டு பேரும் போட்டோ எடுத்துக்கொண்டோம்.

மூன்றாம் நாள் திடல் கழிப்பறையில் கண்டெடுத்தார்கள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. சட்டைப்பையில் விபூதிப் பொட்டலம் இருந்ததாம்.

போட்டது பழைய அளவு. ஒரு மாதம், ஒன்றரை மாதம் விட்டுவிட்டால் உடம்பின் தாங்கும் சக்தி போய்விடும், கை மட்டும் பழைய அளவையே அள்ளும். ஜெயில், லோக்காப், மறுவாழ்வு மையம், எங்கிருந்து வந்தாலும் முதல் இரண்டு வாரம்தான் ஆபத்து அதிகம். விரதத்துக்கும் அதே கணக்கு என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு வாக்கியம் சொல்லவில்லை. திரும்பத் தோன்றினால் முதலில் என்னிடம் வா, மருந்து இருக்கிறது. வர முடியாமல் போட்டுவிட்டால் பழைய அளவு உன்னைக் கொன்றுவிடும், தனியாக மட்டும் இருக்காதே.

அவ்வளவுதான். ஏன் சொல்லவில்லை? காப்புக் கட்டப் போகிறவனிடம் தோற்பதைப் பற்றிப் பேசுவதா, அபசகுனம் என்று நாக்கு நின்றுவிட்டது. அதைச் சொன்னால் திரும்பப் போக அனுமதி கொடுத்த மாதிரி ஆகுமோ என்றும் பயம். செம்பனைக்காரன் கேட்ட கேள்வி இருக்கிறதே, குணப்படுத்துவதா சப்ளையா என்று, அன்றைக்கு நான் குணப்படுத்துகிற டாக்டராக இருந்தேன்.

2 மார்ச், காலை 8.30

ஆறுதல் சொன்னவர்களுக்கு: வேண்டாம். அழிக்கச் சொன்னவர்களுக்கு: அழிக்க மாட்டேன்.

9 மார்ச், இரவு 9.10

ஐஸ் பற்றி ஏன் பேசவில்லை என்ற கேள்வி. ஏனென்றால் என் கையில் சரக்கு குறைவு. மெதடோன் ஐஸுக்கு எடுபடாது, அதற்கு மாற்றாகக் கொடுக்க அங்கீகரித்த மருந்தும் இல்லை. இன்று கிளினிக்குக்கு வருபவர்களில் பாதிக்கு மேல் ஐஸ்தான். இரவு லோரி ஓட்டுபவன், இரண்டு வேலை பார்ப்பவன். நான் செய்வது சின்னச் சின்ன வேலைகள். தூங்கவைப்பது, தண்ணீர் குடிக்கவைப்பது, பல்லைப் பார்ப்பது, சுவரில் ஆள் நிற்கிறது என்று மிரள்பவனை அமைதிப்படுத்துவது. மூன்றாவது நாளும் தூங்காமல் இருந்தால் லோரிச் சாவியை வீட்டில் கொடுத்துவிடு என்பது. கொடுக்கிறார்களா? ஒருவன் கொடுத்தான்.

14 ஜூன், காலை 10.00

இழையை மறுபடி மேலே கொண்டுவருகிறேன், காரணம் ஒரு கடிகாரம்.

தோட்டத்தில் பெரட்டு, அதாவது காலையில் பெயர் கூப்பிடுவது, ஆறரைக்கு, மெதடோன் கவுண்டர் எட்டு மணிக்கு. குலை அறுப்பவன் மருந்தைக் குடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்ச் சேர ஒன்பதாகிவிடும். வேலைக்குப் போவதற்காகக் கொடுக்கும் மருந்து, அதைக் குடிப்பதாலேயே வேலை போகிறது. ஒரு பையனுக்கு இப்படி இரண்டு தடவை போனது. இத்தனை வருஷம் கருத்தரங்கில் உட்கார்ந்து கொள்கை பேசியிருக்கிறேன், இந்த ஒன்றரை மணி நேர இடைவெளியைப் பற்றி ஒரு தடவைகூட வாய் திறந்ததில்லை.

வழி கண்டுபிடித்தது மண்டோர், தோட்டத்துக் கங்காணி. ஒன்பது மணிக்கு மேல் உதிரிப் பழம் பொறுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார். கூலி கொஞ்சம் குறைவு, ஆனால் பெயர் பட்டியலில் இருக்கிறது. நிலையாக இருப்பவர்களுக்குச் சில நாள் மருந்தை வீட்டுக்குக் கொடுப்பதும் உண்டு. அதைக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்குக் கொடுத்தால் பூட்டுப் போட்ட பிஸ்கட் டின்னில் வைக்க வேண்டும், இதில் விளையாட்டுக்கு இடமில்லை. அவன் தினமும் குடிக்கும் அளவு ஒரு குழந்தையைக் கொல்லும், பார்க்க இருமல் சிரப் மாதிரி இருக்கும்.

செம்பனைக்காரன் அம்மாவுக்கு இப்போது ஒன்பதரைக்கே மருந்து கிடைத்துவிடுகிறதாம். அதற்கும் நான்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை.

17 ஜனவரி 2026, இரவு 8.45

தைப்பூசத்துக்கு இரண்டு வாரம். உதிரிப் பழம் பொறுக்கும் அதே பையன் வந்தான். அதே கேள்வி, கிட்டத்தட்ட அதே வார்த்தைகள். எனக்குக் கை கொஞ்சம் நடுங்கியது.

மருந்தைக் குறைக்க மாட்டேன் என்றேன். இரண்டு வாக்கியத்தையும் சொன்னேன், அவன் முகம் சுருங்கியதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். சுத்தம் பற்றிய கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது, அதனால் அவனை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். குருக்கள் பிரசாதம் கட்டிக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார். "நான் காலைல ரெண்டு சுகர் மாத்திரை போட்டுட்டுத்தான் மூலஸ்தானத்துக்குள்ள போறேன். டாக்டர் குடுத்தது மருந்து. போப்பா" என்றார்.

பையன் விடவில்லை. மருந்து குடித்துவிட்டுக் குளிப்பதா, குளித்துவிட்டு மருந்து குடிப்பதா?

குருக்கள் என்னைப் பார்த்தார். நான் குருக்களைப் பார்த்தேன். கவுண்டர் எட்டு மணிக்குத்தான் திறக்கும் என்றேன்.